கோதில் இருக்கும் இரண்டு கீறல்கள்

மாடியில் அம்மாவின் அறையில், அப்பாவின் படத்துக்கு முன்னால், சந்தனக்குச்சி குத்தி வைக்கிற ஒரு பித்தளைக் கோது இருக்கிறது. என் நடுவிரலைவிடச் சற்று நீளம். அடி தட்டையாக இருப்பதால் விழாமல் நிற்கும். வாய் ஒடுக்கம் என்பதால் ஐந்தாறு குச்சிக்கு மேல் பிடிக்காது. கனரக இயந்திரத் துப்பாக்கியிலிருந்து சன்னம் பாய்ந்துபோன பிறகு மிஞ்சுகிற வெற்றுக் கோது அது. எங்கள் ஊரில் அந்தத் துப்பாக்கிக்கு ‘பிப்டி கலிபர்’ என்று பெயர். நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரிந்த சொல். அப்பாவைக் கொன்றது அதுதான். கொன்ற துப்பாக்கியின் கோதிலேயே அவருக்குச் சந்தனக்குச்சி கொளுத்துகிறோம் என்றால் கேட்பவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா புளி போட்டு அதை மினுக்குவார். எவ்வளவு மினுக்கினாலும் அதன் வயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் நெடுக்காக ஓடுகிற இரண்டு கீறல்கள் மட்டும் போகாது.

அந்தக் கோதை எடுத்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் ஹெலி வருகிற சத்தம் கேட்டதும் அம்மாவும் நானும் வாழைகளுக்கு நடுவே வெட்டிய பங்கருக்குள் இறங்கிவிட்டோம். அப்பா இறங்கவில்லை. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். “மிஷினை நிப்பாட்டிப்போட்டு ஓடிவாறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வீடும் தோட்டமுமான எங்கள் வளவுக்கு மேலே ஹெலி வட்டமடித்தது. மேலிருந்து சுடும்போது சன்னம் ஒரு பக்கம் போகும், கோது எங்கள் தலைக்கு மேலேயே கொட்டும். சமையல் செய்கிற குசினியின் தகரக் கூரையில் அவை டங் டங் என்று விழுந்து உருண்டன. ஹெலி போனதும் நான் பங்கரை விட்டுப் பாய்ந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரிடம் அதிகம் கோது இருக்கிறது என்று அப்போது பெரிய போட்டி. அகப்பட்ட முதல் கோது கொதித்தது. விரல் சுட்டும் விடவில்லை. பாவாடையில் போட்டு ஊதிக்கொண்டு, இன்னொன்றைத் தேடிக் குசினியின் பின்கோடிக்குள் போனேன். அதற்குப் பிறகுதான் அம்மா தோட்டத்துப் பக்கமிருந்து கத்தியது கேட்டது. மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாய்க்காலோடு கிடந்தார்.

இந்தக் கடைசிப் பகுதியை நான் அம்மாவுக்குச் சொன்னதே இல்லை. அழுதுகொண்டு ஓடியபோதும் என் கையில் கோது இருந்தது. அம்மா அதை வாங்கி மடியில் செருகினார். அப்பாவைத் தேடி ஓடிய வழியில் நான் அதை எடுத்தேன் என்றே இன்றுவரை நினைத்திருக்கிறார். உண்மையில் நான் அப்பாவைத் தேடவே இல்லை, கோது தேடினேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அம்மா அதை அப்பாவின் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சந்தனக்குச்சி குத்தினார். பிறகு நாடு விட்டு நாடு வரும்போது சாமிப் படங்களோடு சுற்றிக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அதை எடுத்து அதன் வாய்க்குள் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த சாம்பல் அவர் விரலில் பட்டது. விரலைத் துடைத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்.

இனி சார்ஜன் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. மோர்டன் என்கிற பக்கத்து ஊரில் தனியாக இருந்த மனிதர். பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்தார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம், கவுன்சில் கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அம்மா கோயிலில் நின்றபோது, டை என்கிற கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, “தாங்கோ தங்கச்சி, பாப்பம்” என்று வாங்கினார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் அண்ணை, எனக்கு மாமா. என்னைப் பள்ளியில் சேர்த்தது அவர். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், பனிக்காலத்தில் எங்கள் ஹீற்றர் நின்றபோது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து திருத்தியதும் அவர்தான். என் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்று தாரை வார்த்ததும் அவரே. அப்பா எப்படிச் செத்தார் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் சனம் அதைக் கேட்காது. “பிரச்சினைக்குள்ளை செத்தவர்” என்றால் போதும், தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

சார்ஜன் என்பது பட்டப்பெயர் இல்லை. எங்கள் தீவின் இராணுவத்தில், தமிழர்களும் சேர்ந்து வேலை செய்த அந்தப் பழைய காலத்தில், அவர் ஆயுதம் திருத்துகிற பட்டறையில் உண்மையாகவே சார்ஜன்ட் பதவியில் இருந்தவர். அதிலும் கனரகத் துப்பாக்கிப் பகுதி. ஐயோ, அந்தக் கதையை ஆரம்பித்தால் மனுசன் விடமாட்டார்! கல்யாண வீடோ, பெண் பெரியபிள்ளையான சாமத்திய வீடோ, சோற்றுக் கோப்பையோடு யார் பக்கத்தில் குந்துகிறாரோ அவர் தொலைந்தார். “சார்ஜன் வாறார், கதிரையை மாத்து” என்று எங்கள் பெடியள் ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். அகப்பட்டால் உப்புப் போத்தலைத் துப்பாக்கி ஆக்கி, மூன்று கரண்டியை அதற்குக் கால் ஆக்கி, சரித்திரத்தைத் தொடங்குவார்.

சும்மா சொல்லக்கூடாது, கேட்டால் சுவையான சரித்திரம்தான். வெள்ளைக்காரன் போகும்போது விட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளோடு அது தொடங்கும். குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிச் சுடுகிற இனம். சுடச்சுடத் தண்ணீர் கொதித்து ஆவி பறக்குமாம். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘தண்ணிக்காரி’. ஒன்றைத் தூக்க மூன்று பேர் வேண்டும். சின்ன நாடு, சின்ன ஆமி. துப்பாக்கிகள் மிகச் சில என்பதால் ஒவ்வொன்றின் இலக்கமும் குணமும் அவருக்கு மனப்பாடம். இன்னது மழைக்கு இறுகும், இன்னது நாலு முறை சுட்டால் ஒருமுறை இடறும். “அப்ப அதுகள் ஆளைச் சுடேல்லை பிள்ளை. வருசத்துக்கு ஒருக்கா மலையைச் சுடும். மற்ற நாளெல்லாம் எண்ணெய் பூசி, துணி போத்து, நித்திரைதான்” என்பார். அதன் பிறகு காற்றிலேயே ஆறுகிற பிப்டி வந்தது. அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறும். அவ்வளவு பாரம், அவ்வளவு திறம். பட்டறையில் அதை முதன்முதல் கழற்றிப் பூட்டியவர் தானே என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. பிப்டி வந்து சேர்ந்த கதையோடு சரித்திரம் டக்கென்று நின்றுவிடும். “பிறகு தமிழரை அடிச்ச கலவரம் வந்திட்டுது. போட்டிருந்த சேட்டோடை வெளிக்கிட்டிட்டன்.” கரண்டிகளை எடுத்து அடுக்கிவிடுவார். ஒருநாளும் அந்த இடத்தைத் தாண்டியதில்லை. முழுக்கதையும் அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அப்பாவின் திவசத்தை வருடாவருடம் கோயிலில் செய்வதுதான் வழக்கம். ஒரு வருடம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஐயரை வீட்டுக்கே கூப்பிட்டுச் செய்வோம் என்று முடிவெடுத்தோம். மாடியிலிருந்து அப்பாவின் படத்தையும் கோதையும் நான் கீழே கொண்டுவந்து, முன்னறையில் மேசை போட்டு வைத்தேன். சார்ஜன் மாமா ஒரு சீப்பு வாழைப்பழமும் வெள்ளைப் பூவும் வாங்கிக்கொண்டு, வழக்கம்போலக் கழுத்துப்பட்டியோடு வந்தார். ஐயர் போனபின் ஒவ்வொருவராகப் படத்துக்குக் கும்பிட்டோம். அவர் முறை வந்தது. ஒரு சந்தனக்குச்சியைக் கொளுத்தி, குத்துவதற்குக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. இடது கையால் கோதை எடுத்தார். இருந்த குச்சிகளையும் சேர்த்து எடுத்ததில் சாம்பல் மேசைச் சீலையில் கொட்டியது. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டார். பெருவிரலை அந்த இரண்டு கீறல்களின் மேல் வைத்து மெல்லக் கீழே இழுத்தார். திரும்ப மேலே இழுத்தார். அந்த முகத்தை நான் என்னவென்று எழுதுவேன்! இரத்தம் வடிந்து போவது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கையில் பிடித்திருந்த குச்சி எரிந்து சாம்பல் அவர் சப்பாத்தில் விழுந்தது. கோதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, எல்லோரோடும் சாப்பிட உட்கார்ந்தார். பூசணிக்காய்க் கறியில் ஒரு கவளம் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை.

“என்ன அண்ணை, உப்புக் குறைவோ?” என்று அம்மா கேட்டார்.

“இல்லைத் தங்கச்சி. வயித்துக்குச் சரியில்லை. நான் ஒருக்கா வெளிக்கிடப்போறன்.”

மயங்கி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் ட்ராம் தரிப்பு வரைக்கும் நானும் கூடப் போனேன். தரிப்பில் உட்கார்ந்ததும், “அந்தக் கோது உங்கட வளவுக்குள்ளையோ விழுந்தது?” என்று கேட்டார்.

“ஓம் மாமா. ஹெலியிலை இருந்து. அப்பாவைச் சுட்ட ஹெலி.”

“பிள்ளை,” என்றார். “அந்த ரெண்டு கீறும் என்ரை.”

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, கல்யாண வீடுகளில் ஒருநாளும் சொல்லாத பகுதியைச் சொன்னார். கலவரத்துக்குச் சில மாதம் முன்னால் பட்டறைக்கு ஒரு ஓடர் வந்ததாம். பிப்டியை ஹெலியின் வாசலில் பூட்டவேண்டும். “கள்ளக்கடத்தல் வள்ளங்களுக்கு எண்டுதான் சொன்னவங்கள். நானும் நம்பினனான்.” நிலத்தில் நிற்கிற மூன்று கால் வாசலில் நிற்காது. பழைய லொறி இரும்பை வெட்டி, திரும்புகிற மாதிரி ஒரு தாங்கியை அவரே வரைந்து அவரே வெல்டிங்கில் ஒட்டினார். அடுத்த சிக்கல் கோது. பறக்கும்போது வெளியே தெறிக்கிற கோது பின்விசிறியில் பட்டால் ஹெலியே விழுந்துவிடும். அதற்காகத் தகரத்தில் ஒரு பீலி மடித்து, கோதெல்லாம் நேரே கீழே கொட்டுகிற மாதிரி வைத்தார். அவசரத்தில் அடித்ததில் இரண்டு ரிவெட் தலை உள்ளே துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. “சோதனைக்குச் சுட்ட எல்லாக் கோதிலையும் ரெண்டு கீறு. இதே இடைவெளி. அரத்தாலை ராவிவிட வேணும், நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டனான். அதுக்குள்ளை கலவரம் வந்திட்டுது. வேறை எந்தத் துவக்கிலை இருந்தும் இந்தக் கீறு வராது. அது நான் பூட்டின துவக்கு.”

நான் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. எதிர்ப்பக்கத் தரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்பாவின் வாய்க்காலும் இந்த மனிதரின் கழுத்துப்பட்டியும் மாறிமாறி வந்தன. என்னைத் தாரை வார்த்துக்கொடுத்த கைகள் மடியில் கிடந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“கொம்மாவுக்குச் சொல்லவேணும்” என்றார். “சொல்லாமல் அந்த வீட்டிலை இனி என்னெண்டு சாப்பிடுறது?”

“சொல்லக்கூடாது. அம்மா தாங்கமாட்டா. நீங்கள் இனி எங்கட வீட்டுப் பக்கம் வரவும் வேண்டாம்.”

“ஓம் பிள்ளை” என்றார். ட்ராம் வந்தது, அவர் ஏறவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் மாமாவுக்கு வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னேன்.

என் கோபம் நியாயமான கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் பாதிக்கு அப்படித்தான் நினைக்கிறேன். மற்றப் பாதி என்னை விடாமல் அரித்தது. ரிவெட்டை ராவவில்லையே என்று அவர் உருகினாரே, ராவியிருந்தால் அப்பா தப்பியிருப்பாரா? தப்பியிருக்கமாட்டார். கோது வழுவழுவென்று விழுந்திருக்கும், அவ்வளவுதான். அப்பா எப்படியும் வாய்க்காலோடு கிடந்திருப்பார். நாங்கள் இந்த மனிதரின் கையால் ஹீற்றரைத் திருத்திக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம். எங்கள் நிம்மதி முழுவதும் ஒரு அரத்தை எடுக்காமல் விட்டதில் கெட்டுப்போனது என்று நினைக்கும்போது எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. மூன்று மாதம் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. அம்மாதான் இருக்கவிடவில்லை. “அண்ணைக்கு என்ன கோவம்? நான் ஏதும் பிழையாய்க் கதைச்சனானோ? அண்டைக்குக் கறி சரியில்லையோ?” என்று ஒவ்வொரு நாளும் என்னைக் குடைந்தார். ஒரு சனிக்கிழமை நான் மருந்துக்கடை வேலைக்குப் போன நேரம், வீங்கின முழங்காலோடு, அடுக்குச் சட்டியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மோர்டனுக்குப் போய்விட்டார். நான் வீடு திரும்பியபோது முன்வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். அம்மா கைப்பையில் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டே, “தனிய இருந்து மெலிஞ்சு போனார் பார், பிடிச்சிழுத்துக்கொண்டு வந்தனான்” என்றார். அவர் அம்மாவுக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்தார். உள்ளே வரலாமா என்று கேட்கிற பார்வை. எண்பதை எட்டப்போகிற மனிதர் என் வீட்டு வாசலில் அப்படி நின்றார்.

“வாங்கோ மாமா, தேத்தண்ணி போடுறன்” என்றேன். நான் கொடுத்த மன்னிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை.

அதற்குப் பிறகு அவர் முன்போலவே வந்துபோனார். துப்பாக்கிக் கதை மட்டும் அடியோடு நின்றுபோனது. கல்யாண வீடுகளில் உப்புப் போத்தல் உப்புப் போத்தலாகவே இருந்தது. “இப்ப இவர் ஆமிக் கதையே கதைக்கிறேல்லை, உடம்புக்கு ஏதுமோ?” என்று அம்மா கவலைப்பட்டார். முன்பு கதிரை மாற்றி ஓடிய பெடியள் கூட, “அங்கிள், அந்தத் தண்ணிக்காரி என்னெண்டு?” என்று கேட்டுப் பார்த்தார்கள். “மறந்துபோச்சடா தம்பி” என்றுவிட்டார்.

அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு என் காரில் கூட்டிப்போவது என் வேலையானது. ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, எங்கிருந்து வந்ததோ தெரியாது, என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“மாமா, அண்டைக்கு நான் அப்பாவைத் தேடிப் போகேல்லை. கோது பொறுக்கத்தான் ஓடினனான். அப்பா அங்கை கிடக்கேக்கை நான் ரெண்டாவது கோது தேடிக்கொண்டு நிண்டனான்.”

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“நீ சின்னப்பிள்ளை” என்றார். கொஞ்சத் தூரம் போனபின், வெளியே பார்த்துக்கொண்டு, “நான் சின்னப்பிள்ளை இல்லை” என்றார்.

நான் காரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். அவர் கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் ஒருவருடைய ரகசியம் மற்றவருக்குத் தெரியும்.

போன பனிக்காலத்தில் அவர் போய்விட்டார். மோர்டன் வீட்டை ஒதுக்கப் போனபோது மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒரு தடித்த கொப்பி கிடந்தது. முதல் பக்கத்தில், ‘எங்கள் தீவின் இராணுவத்தில் கனரகத் துப்பாக்கிகள்: ஒரு சரித்திரம்’ என்று அழகான கையெழுத்து. தண்ணிக்காரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், இலக்கத்தோடும் குணத்தோடும். பிப்டி வந்த நாள் ஆறு பக்கம். அதற்குப் பின்னால் அளவுகளோடு அந்தத் தகரப் பீலியின் படம், இரண்டு ரிவெட்டுக்கும் இரண்டு புள்ளி. அடுத்த பக்கத்தில் என் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கும் அடுத்த பக்கங்களில் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘பெயர்’ என்று போட்டுக் கோடு மட்டும் இழுத்து வைத்திருந்தார். கொப்பி முடியும் வரைக்கும் கோடு. நான் அந்தத் தரையிலேயே குந்திவிட்டேன். எங்கள் வளவில் விழுந்தது ஒரு நாள் கோது. அந்தத் துப்பாக்கி எத்தனை வளவுக்கு மேலே வட்டமடித்திருக்கும் என்பதை நான் அந்த நிமிடம் வரைக்கும் யோசித்ததே இல்லை. அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டு எங்கள் வீட்டில் தேநீர் குடித்திருக்கிறார்.

கொப்பியை என் அலுமாரியில் துணிகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் காட்டவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அன்று அம்மா அவருடைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். என் கல்யாணத்தில் எடுத்தது, கழுத்துப்பட்டியோடு சிரிக்கிறார். சட்டம் போட்டு மாடிக்குக் கொண்டுபோய், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் முட்டுகிற மாதிரி வைத்தார். கோதைத் தள்ளி இரண்டு படத்துக்கும் நடுவில் நிறுத்தினார்.

“அவருக்கு வேறை ஒண்டு வாங்குவம் அம்மா” என்றேன்.

“ஏன் வீண் செலவு? ரெண்டு பேருக்கும் இது போதும்தானே” என்று இரண்டு குச்சிகளை ஒன்றாகக் கொளுத்திக் குத்தினார்.

“ஓம் அம்மா.”

இரவில் அம்மாவுக்கு மருந்து கொடுக்கப் போகும்போது, கீறல்கள் சுவரைப் பார்க்கிற மாதிரிக் கோதைத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமை மினுக்கி முடித்ததும் அம்மா அதைத் திரும்ப முன்பக்கம் திருப்பிவிடுவார். “கீறு இருக்கிற பக்கம்தான் இதுக்கு முகம். நீ பிறத்தியாலை திருப்பி வைக்கிறாய்” என்று போன கிழமையும் என்னை ஏசினார்.